நிழலில்லா நெஞ்சம்

சாலைக் கடைத்தெருவிலும் பழவங்காடியிலும் அதற்கு ‘நெஞ்சாப்பீஸ்’ என்றுதான் பெயர். பிராந்திய நெஞ்சக ஆராய்ச்சி நிலையம் என்று முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் வண்டியை எடுக்க மாட்டார். நெஞ்சாப்பீஸ் என்றால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார். நகரத்துக்கு வடக்கே ஒரு குன்றின்மேல், ஏறிப் போகிறவனுக்கு நெஞ்சு வலித்தே தீரும்படியான இடம் பார்த்து அதைக் கட்டியிருந்தார்கள். வந்து சேர்ந்தவனிடம் நோய் ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் சங்கடம் அங்கே யாருக்கும் வந்ததில்லை.

அந்த நிலையத்துக்கு ஒரு புதிய ஸ்கேன் இயந்திரம் வந்து இறங்கியது. இயந்திரம் வந்தால் அதற்கு வேலை வேண்டும். வேலைக்கு ஓர் ஆராய்ச்சி வேண்டும். ஃப்ளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் காய்ச்சல் கண்டால் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்கும் பொறுப்பை டாக்டர் ரெம்யாவிடம் கொடுத்தார்கள். சின்னப் பெண். பாவம், உள்ளதை உள்ளபடி பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டாள். ‘ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும், பெரும்பாலும் நுரையீரலில் நிழல் குறைவாகவே விழுகிறது.’ அவ்வளவுதான் அவள் எழுதியது. நல்ல செய்திதானே என்பீர்கள். நல்ல செய்திதான். ஆனால் விழா எடுக்கிற அளவுக்கு நல்ல செய்தி இல்லையே!

உதவி இயக்குநர் ‘பெரும்பாலும்’ என்பதைப் பார்த்தார். பயந்தாங்கொள்ளி எழுதியது போல இருந்தது, அடித்துவிட்டார். இணை இயக்குநருக்குக் ‘குறைவாக’ என்பது கஞ்சத்தனமாகப் பட்டது. இயக்குநர் டாக்டர் வன்னியராஜ் தென்காசிப் பக்கம் பிறந்து தில்லியில் படித்தவர், பெருந்தன்மையுள்ள மனிதர். அவர் கையெழுத்தோடு வெளியே வந்தபோது விஷயம் இப்படி ஆகியிருந்தது: ‘ஊசி போட்ட நெஞ்சில் நிழல் விழாது. போடாத நெஞ்சில் நிழல் விழாமல் இராது.’ கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே கட்டெறும்பு ஊதிக் கழுதை ஆயிற்று. வாசலில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பலகை எழுதி மாட்டினார்கள். சனிக்கிழமை அமைச்சர் தலைமையில் ‘நிழலில்லா நெஞ்சம்’ என்று விழாவும் ஏற்பாடாயிற்று.

இந்தச் சமயம் பார்த்துத்தான் எலிசாள், அறிவியலைக் கொஞ்சமும் மதிக்காமல், ஊசி போட்ட நெஞ்சோடு மூச்சு முட்டி வந்து சேர்ந்தாள்.

அவள் கணவர் ஞானையன் பாறசாலைக்காரர். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு உடைக்கிற தேங்காய் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபையில் குரல் உயர்த்திப் பாடிவிட்டு, மறுநாள் விடியலில் பிள்ளையாருக்குத் தேங்காய் எடுத்துக் கொடுப்பார். இரண்டு தரப்பிலிருந்தும் இதுவரை ஆட்சேபம் வரவில்லை. நெஞ்சாப்பீஸ்காரர்கள் மைக் கட்டிக்கொண்டு வந்து கடைத்தெருவில் தடுப்பூசி முகாம் நடத்தியபோது எலிசாள் தைரியமாகக் கையை நீட்டினாள். ஞானையன் ஊசியைப் பார்த்தார். கடையில் ஆள் இல்லை என்பது சட்டென்று அவர் நினைவுக்கு வந்தது.

மழை பிடித்தது, ஊர் முழுக்கக் காய்ச்சல். எலிசாளுக்கு முதலில் காய்ச்சல், பிறகு இருமல், பிறகு ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாத நிலை. போன ஆஸ்பத்திரியில் எல்லாம் வராந்தாவில்கூட ஆள் படுத்திருந்தார்கள். “நெஞ்சாப்பீஸ்ல குத்திவெப்பு எடுத்தவங்களா? அவங்களை அங்கேயே பாப்பாங்க, போங்க” என்று கைகாட்டினார்கள். ஊசியைத்தான் அந்த ஊரில் குத்திவெப்பு என்பார்கள். ஆட்டோ குன்றேறியது.

நிலையத்துக்கு இரண்டு வாசல். ‘ஊசி போட்டோர்’ வாசலில் வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டு, வருகிறவர் கையில் ஒரு ரோஜாப்பூவும் கொடுத்தார்கள். ‘போடாதோர்’ வாசல் சாக்கடை ஓரம். எலிசாள் ரோஜாப்பூவை வாங்கிக்கொண்டு பெஞ்சில் சரிந்தாள்.

“சிஸ்டரே, எனக்க வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் வேகம் பாருங்க” என்றார் ஞானையன், வார்டு பொறுப்பிலிருந்த நர்ஸ் ஜெயஷீலாவிடம்.

“குத்திவெப்பு எடுத்தவங்களா?”

“ஓ. இஞ்ச உள்ளவங்க வந்து குத்தினதாக்கும்.”

“அப்ப முட்டாதே, அண்ணாச்சி!”

“முட்டுதே, சிஸ்டரே.”

ஜெயஷீலா எலிசாளைப் பார்த்தாள். அவளுக்கும் அது முட்டுவது மாதிரிதான் தெரிந்தது. ஆனால் ஊசி போட்டோர் வார்டில் ஆக்ஸிஜன் கிடையாது. ஆரோக்கியமானவர்களுக்கு எதற்கு என்று குழாய்களையெல்லாம் கழற்றிப் போடாதோர் வார்டில் மாட்டிவிட்டார்கள். இங்கே பிஸ்கட்டும் டி.வி.யும் உண்டு.

ரெம்யா ஓடிவந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, முகம் மாறி, ஸ்கேனுக்கு அனுப்பினாள். ஸ்கேன் எடுக்கிற ஷிபு திரையைப் பார்த்தான். வலது பக்கம் அடியில் ஒரு நிழல். நிழல் என்று பெயரே தவிர, திரையில் அது வெள்ளையாகத்தான் இருக்கும். அந்த நிலையத்தில் எதுவும் பெயருக்கும் உருவத்துக்கும் பொருத்தமாக இருந்ததில்லை.

“சேச்சி, சேலையில பின்னு கின்னு குத்தியிருக்கா?”

இல்லை. மறுபடி எடுத்தான். நிழல் அங்கேயே இருந்தது. “சேச்சி, மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கணும், கேட்டோ” என்றான். மூச்சை இழுத்துப் பிடிக்க முடிந்தால் அவள் ஏன் அங்கே வருகிறாள்? “எத்தனை தடவை எடுப்பீங்க? படம் எடுக்குறதா, வாட்டி எடுக்குறதா?” என்று ரெம்யா கத்திய பிறகுதான் நிறுத்தினான். குற்றம் இயந்திரத்துடையதாக இருக்கலாம் என்று உதவி இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். திருஷ்டி பட்டிருக்கும், ஒரு தேங்காய் உடைத்தால் தெளியும். விஞ்ஞானிகளுக்குள் இதில் கருத்து வேறுபாடு எழவில்லை. தேங்காய் யார் கொண்டுவருவது என்றபோது எல்லோரும் ஞானையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நல்ல தேங்காயாக் கொண்டு வரணும், கேட்டீங்களா? அழுகலா இருந்தா மெஷினுக்குக் கேடு” என்றார் உதவி இயக்குநர்.

மனைவியைப் பெஞ்சில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பழவங்காடிக்குப் போய்த் தன் கடையிலிருந்தே தேங்காய் எடுத்து வந்தார் ஞானையன். உடைத்தார்கள். வெள்ளை வெளேரென்று உடைந்தது. அடுத்த படத்திலும் நிழல் இருந்தது.

இனி இயக்குநர்தான். டாக்டர் வன்னியராஜின் அறையில் விழா மேடையில் கட்டப்போகிற பட்டுத்துணி விரிந்து கிடந்தது. அவர் ஞானையனை அன்போடு உட்காரவைத்தார்.

“மிஸ்டர் ஞானையன், நான் ஒரு சயின்டிஸ்ட். சயின்டிஸ்ட்னா யாரு? கண்ணால பாக்கறதை நம்பறவன் இல்லை. கண்ணால பாக்கறதைத்தான் நீங்க கடையிலயே செய்யறீங்களே, அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கட்டடம்? எங்க கண்டுபிடிப்புல தப்பு இருக்கவே முடியாது. ஏன்னா, பலகை எழுதியாச்சு. ஒரு மொழியில எழுதினா தப்பு வரலாம். மூணு மொழியிலயும் அதே தப்பு வருமா, சொல்லுங்க?”

“சாரே, எனக்கு அதொண்ணும் தெரியாது. தேங்காய் உடைச்சு அழுகியிருந்தா, இது நல்ல தோப்புத் தேங்காயாக்கும், அழுகாதுன்னு நான் சண்டை பிடிக்கமாட்டேன். அழுகலு அழுகலுதான். வேற எடுத்துக் குடுப்பேன்.”

“அதனாலதான் நீங்க இன்னும் தேங்காய் விக்கறீங்க” என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு.

‘முரண் நிழல் ஆய்வுக் குழு’ என்று ஒன்றை அமைத்து உடனே கூட்டினார்கள். எலிசாளின் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிவைத்து அறிஞர்கள் சுற்றி நின்றார்கள். அது ஈரலின் நிழல் என்றார் ஒருவர். நோயாளியின் கையிலிருந்த ரோஜாப்பூவின் நிழலாக ஏன் இருக்கக் கூடாது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தத்துவம் படித்தவர். இது நிழலே அல்ல, வெளிச்சம் இல்லாமைதான் என்று சொல்லி எல்லோரையும் சிந்திக்கவைத்தார்.

“சாரே, அவங்களுக்கு நிமோனியா தன்னெ. முதல்ல ஆக்ஸிஜன் குடுக்கணும். அந்தப் பக்க வார்டுல கட்டில் ஒழிஞ்சு கிடக்கு” என்றாள் ரெம்யா.

“கிடக்கட்டும், டாக்டர். ஊசி போட்டவங்களுக்கு நாமளே ஆக்ஸிஜன் குடுத்தா, நாமளே நமக்கு எதிரா சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா? சனிக்கிழமை கழியட்டும். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை” என்றார் இயக்குநர்.

வெளியே பெஞ்சில் எலிசாளின் உதடு நாவல்பழம் தின்றதுபோல ஆகியிருந்தது. ஞானையனைக் கண்டதும் கண்ணைத் திறந்தாள்.

“என்ன... சொன்னாங்க?”

“உனக்கு ஒண்ணும் இல்லியாம்.”

“பின்னே... ஏன்... எனக்கு மூச்சு... கிட்டல்ல?”

இவள் இல்லாத வீட்டை ஞானையன் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். அதற்குமேல் நினைக்க முடியவில்லை. கதவைத் தட்டாமல் குழுவுக்குள் போய் நின்றார்.

“சாரே, நான் குத்திவெப்பு எடுக்காதவனாக்கும். போடாதவங்க வார்டுல எனக்கு ஒரு கட்டில் தாருங்க. நான் என்னவும் செய்துக்கிடுதேன்.”

இயக்குநர் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார். விஷயம் என்னவென்றால், போடாதோர் கணக்கில் அவருக்குக் காட்சிக்கு ஆள் பஞ்சம். கடைத்தெருவில் மைக் கட்டிக் கூவியதில் பாதிப் பேர் ஊசி போட்டுத் தொலைத்திருந்தார்கள். உடனே ஞானையனைப் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நுரையீரல் துடைத்துவைத்த கண்ணாடியாக இருந்தது. நோயில்லாதவன் நெஞ்சு வேறு எப்படி இருக்கும்? ஆனால் பலகையின் இரண்டாவது வரிப்படி ஊசி போடாத நெஞ்சில் நிழல் விழாமல் இராது. ஷிபு தலையில் கைவைத்தான்.

“சேட்டா, ஒரு இருமலாவது இருமுங்களேன்!”

இப்போது ஒரே குடும்பத்தில் இரண்டு முரண். கணவனின் பிலிமும் மனைவியின் பிலிமும் விளக்குப் பெட்டியில் அடுத்தடுத்துத் தொங்கின. டாக்டர் வன்னியராஜ் வெகுநேரம் பார்த்தார். பெரிய மூளைகள் இப்படித்தான் வேலை செய்யும். பிறகு கையை நீட்டி, இடது பிலிமை வலதிலும் வலது பிலிமை இடதிலும் மாட்டினார்.

“இப்ப பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு!”

“சாரே, அது எனக்க நெஞ்சு இல்லியே” என்றார் ஞானையன்.

“கணவனும் மனைவியும் ஒண்ணுன்னு பாதிரியார் சொல்லித்தானே கல்யாணம் கட்டினீங்க? சபையில ஒத்துக்கிட்டதை சயின்ஸ்ல ஒத்துக்கமாட்டீங்களா?”

வேறு சமயமாக இருந்தால் ஞானையன் தர்க்கம் செய்திருப்பார்.

“கட்டில் கிட்டுமா, சாரே?”

“ஆக்ஸிஜனோட.”

“அப்ப ஒத்துக்கிட்டேன்.”

இப்படியாகத் தேங்காய்க்கடை ஞானையன், ஊசி போடாத குற்றத்தால் கடும் நிமோனியா கண்டவராக வார்டில் சேர்க்கப்பட்டார். பச்சை அங்கி கொடுத்தார்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணை நிற்பவரைப் பைஸ்டாண்டர் என்பார்கள். கஞ்சி வாங்க, மருந்து வாங்க, டாக்டரிடம் திட்டு வாங்க அப்படி ஓர் ஆள் இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள். பைஸ்டாண்டர் பாஸ் எலிசாளின் பெயரில் எழுதப்பட்டது. அவளைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

ஜெயஷீலா கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். அங்கியில் நிற்கிற மனிதரைப் பார்த்தாள். பாஸைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிற பெண்ணைப் பார்த்தாள். “பேஷன்ட் ஸ்டூல்ல இருக்கப்பிடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. அண்ணாச்சி, அங்கோட்டு இருங்க” என்று சொல்லிவிட்டு, எலிசாளைக் கட்டிலில் கிடத்தி ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினாள். ரெம்யா டிரிப் ஏற்றினாள். மருந்தெல்லாம் ஞானையன் பெயரில் வந்தது, எலிசாளின் கையில் ஏறியது. ஒவ்வொரு தடவை ஊசியை எடுத்தபோதும் ஸ்டூலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். ‘நோயாளி ஊசிக்கு மிகவும் அஞ்சுகிறார்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது. அந்தக் கேஸ் ஷீட்டில் உண்மையான வரி அது ஒன்றுதான்.

சனிக்கிழமை வந்தது. எலிசாள் தேறிக்கொண்டிருந்தாள், ஆனால் மாஸ்க்கை எடுத்தால் மறுபடி உதடு நீலம் பாரித்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: அமைச்சர் வரும்போது நோயாளி கட்டிலில் படுத்திருக்க வேண்டும். ஊசி போட்ட நெஞ்சுக்கு உதாரணமாகப் பைஸ்டாண்டர் பட்டுச்சேலை கட்டி மேடையேறி, ‘எனக்கு எந்தக் குறையும் இல்லை’ என்று இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

ஜெயஷீலா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். “அண்ணாச்சி, கொஞ்ச நேரம் மாறிக் கிடங்க. ஒரு போட்டோவாக்கும். போனதும் அக்காவைத் திரும்பக் கிடத்திடலாம்.”

“அந்தக் கொஞ்ச நேரத்துல இவ போயிட்டான்னா?”

ஜெயஷீலா வாசலை எட்டிப் பார்த்தாள்.

“நெஞ்சைக் கேட்டாங்க, குடுத்தேன். தேங்காய் கேட்டாங்க, குடுத்தேன். மூச்சு குடுக்க மாட்டேன்” என்றார் ஞானையன். ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, ஆக்ஸிஜன் குழாயை முழங்கைக்குள் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அசையவில்லை.

அவரை எழுப்ப உதவி இயக்குநர் ஓடிவருவதற்குள் வராந்தாவில் பூமாலை மணம் வந்துவிட்டது. அமைச்சர், அவர் பின்னால் வெளியூர் அறிஞர்கள், அவர்கள் பின்னால் போட்டோக்காரர்கள். எல்லோரும் நின்றார்கள். கட்டிலில் மாஸ்க் போட்ட பெண். ஸ்டூலில் பச்சை அங்கி போட்ட, செக்கச்செவேலென்ற ஆண்.

“இதில் ஆராணு ரோகி?” என்று, நோயாளி யாரென்று கேட்டார் அமைச்சர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். சோறே இல்லாமல் மறைத்தார் டாக்டர் வன்னியராஜ். கண் இமைக்கவில்லை.

“ஸ்டூல்ல இருக்கறவர்தான் சார், பேஷன்ட். ஊசி போடாததால சாகக் கிடந்தவர். எங்க சிகிச்சையில எப்படி எழுந்து உக்காந்திருக்கார் பாருங்க! அந்தம்மா அவரோட மனைவி. ஊசி போட்டவங்க. நெஞ்சுல ஒரு நிழல் கிடையாது. ஆனா கணவரைப் பாத்துப் பாத்துக் களைச்சுப் போயிட்டாங்க. எங்க நிலையத்துல மட்டும்தான் சார், பைஸ்டாண்டருக்கும் ஆக்ஸிஜன் குடுக்கறோம்.”

அறிஞர்கள் கைதட்டினார்கள். அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழைக் குடும்பங்களின் களைப்பைப் போக்க ‘பைஸ்டாண்டர் பிராணவாயுத் திட்டம்’ என்று ஒன்றை அங்கேயே அறிவித்தார். மறுநாள் பத்திரிகையில் எலிசாள் மாஸ்க்கோடு இருந்தாள். படத்துக்குக் கீழே ‘இளைப்பாறும் மனைவி’ என்று போட்டிருந்தார்கள்.

அவள் இளைப்பாறி எழுந்தாள். வீட்டுக்குப் போகிற நாளில் ரெம்யா ஒரு பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

“சேச்சி, இது உங்க நெஞ்சாக்கும். இந்தா, இத்தனூண்டு இடத்துல மட்டும். குத்திவெப்பு எடுத்ததாலதான் பெரும்பாலும் இவ்வளவோட நின்னுச்சு. இல்லேன்னா ரெண்டு பக்கமும் பரவியிருக்கலாம். இதைத்தான் நான் எழுதினேன். எனக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமா? அதை இப்ப அண்ணாச்சி பேர்ல ஒட்டிவெச்சிருக்காங்க.”

எலிசாள் பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரின் கையைப் பிடித்தாள். “கேட்டியளா, நீங்களும் இண்ணைக்கே குத்திவெப்பு எடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வரணும். அடுத்த மழைக்கு நீங்க விழுந்தா, நான் யாருக்க நெஞ்சைக் கொண்டு குடுக்க?”

ஞானையன் ஊசியை நினைத்தார். பெஞ்சில் கிடந்த அந்த உதட்டையும் நினைத்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஊசி அறைக்குப் போய் நின்றார். அங்கே இயக்குநரே இருந்தார்.

“உங்களுக்கா? ஊசியா?” டாக்டர் வன்னியராஜ் பதறிப்போனார். “மிஸ்டர் ஞானையன், என்ன விளையாடறீங்களா? அடுத்த வருஷ விழாவுக்கு ஊசி போடாதோர் தரப்புல எங்களுக்கு இருக்கறதே நீங்க ஒருத்தர்தான் உருப்படியா! ஊர்ல எல்லாரும் இப்படிப் போட்டுக்கிட்டா, ஊசியோட பெருமையை நாங்க யாரை வெச்சு நிரூபிக்கறது? பொதுநலம்னு ஒண்ணு இருக்கு சார். உங்களுக்கு ஊசி கிடையாது.”

எலிசாள் முன்னால் வந்தாள்.

“ஏன் சாரே, ஊசி நல்லதுன்னு தெருத்தெருவா மைக் வெச்சுக் கூவினது நீங்களாக்கும், அதைக் கேட்டு நான் கைய நீட்டினேன், மூச்சு முட்டி வந்தா உனக்கு முட்டாதுன்னியள், ரோஜாப்பூ தந்தியள், பெஞ்சில கிடத்தினியள், எனக்க நெஞ்சைக் கழட்டி இந்த மனுசனுக்கு மாட்டினியள், செரி போட்டுன்னு இருந்தோம், இப்ப ஊசியைக் கண்டா ஓடுத மனுசன் தானா வந்து கைய நீட்டுதாரு, அதுக்கும் இல்லங்கியளே, ஆளு பிழைக்கதுக்கா நீங்க ஆஸ்பத்திரி வெச்சிருக்கிய, பலகை பிழைக்கதுக்கா...”

அறையிலிருந்து வராந்தாவுக்கும், வராந்தாவிலிருந்து படிக்கட்டுக்கும் அவள் சத்தம் போனது. மற்ற வார்டுகளிலிருந்து பைஸ்டாண்டர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் வன்னியராஜ் கைகட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கச்சேரி கேட்பவர்போலக் கடைசிவரை கேட்டார். பிறகு உதவி இயக்குநரின் தோளைத் தொட்டார்.

“கவனிச்சீங்களா? நடுவுல எங்கயாவது மூச்சு வாங்கினாங்களா? ஊசி போட்ட நெஞ்சுன்னா இதுதான் சார், நெஞ்சு! எழுதிக்கோங்க.”

உதவி இயக்குநர் எழுதிக்கொண்டார். ஞானையன் சுருட்டிவிட்ட சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டு, மனைவியின் பின்னால் படியிறங்கினார்.